பாம்கெர்ட்னர்: கையெழுத்து அவருடையது, முடிவு யாருடையது?

உப்புக்காரி | சனி, காலை 7.40

2013இல் நான் தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் இருந்தேன். உரக் கப்பல்களின் காகிதங்கள் என் மேசை வழியாகத்தான் போகும். உரல்காலி என்ற ரஷ்யப் பொட்டாஷ் உர நிறுவனத்தின் பெயரை எங்கள் அலுவலகத்தில் யாரும் ஒரே சொல்லாகச் சொன்னதில்லை. "உரல் காலி" என்று இரண்டாகப் பிரித்துச் சிரிப்பார்கள். அந்த ஆண்டு ஆகஸ்ட் கடைசியில் ஒரு காலை மேலாளர் செய்தித்தாளை என் முன்னால் போட்டு, "உன் உரல்காரரை மின்ஸ்க் விமான நிலையத்தில் பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள்" என்றார்.

அன்றிலிருந்து விளாதிஸ்லாவ் பாம்கெர்ட்னர் என்ற மனிதர் என் மண்டைக்குள் உட்கார்ந்திருக்கிறார். யூரல் பகுதிக்காரர், 1972இல் பிறந்தவர். 2003இல் உரல்காலியில் சேர்ந்து, இரண்டே ஆண்டில், 2005இல், அதன் தலைமை நிர்வாகி. வயது அப்போது முப்பத்து மூன்றைத் தாண்டவில்லை. 2011இல் பக்கத்து நிறுவனமான சில்வினிட்டை உரல்காலியோடு இணைத்து, உலகப் பொட்டாஷ் உற்பத்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தார். 2013 ஜூலை 30 அன்று பெலாரஸ் நாட்டோடு இருந்த விற்பனைக் கூட்டை முறித்துக்கொள்வதாக அறிவித்தார். ஆகஸ்ட் 26 அன்று, பெலாரஸ் பிரதமர் அழைத்தார் என்று அதன் தலைநகர் மின்ஸ்க் போனார். பிரதமரைச் சந்தித்தார், திரும்பும் வழியில் விமான நிலையத்தில் கைதானார்.

என் கேள்வி எளிது. இவர் முதலாளி கிடையாது, சம்பளக்காரர். கூட்டை முறிக்கும் முடிவில் இவர் பங்கு எவ்வளவு? சிறைக்குப் போக வேண்டிய ஆள் இவர்தானா?

கணக்கன் | சனி, காலை 8.15

"சம்பளக்காரர்" என்று சொல்லி அவரை நம் அலுவலகக் குமாஸ்தாவோடு சேர்த்துவிட்டீர்கள், சகோதரி. ஜூலை 30 அன்று அவர் வாயிலிருந்து வந்த ஒரு கணிப்பு என்ன செய்தது தெரியுமா? அப்போது பொட்டாஷ் டன் 400 டாலர் அளவில் ஓடிக்கொண்டிருந்தது. இனிமேல் அளவைக் கூட்டி விற்போம், விலை 300 டாலருக்குக் கீழே போகக்கூடும் என்றார். அவ்வளவுதான். கனடாவின் பொட்டாஷ்கார்ப் பங்கு அன்று ஒரே நாளில் ஆறில் ஒரு பங்கு மதிப்பை இழந்தது. அவருடைய சொந்த நிறுவனத்தின் பங்கும் தப்பவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் பொட்டாஷ்கார்ப் 1,000 பேருக்கு மேல் வேலையைவிட்டு அனுப்புவதாக அறிவித்தது. கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் வேலை போனவர்களும் சம்பளக்காரர்கள்தான்.

வரப்போரம் | சனி, காலை 9.02

தொட்டியத்தில் வாழை போடுகிறவன் நான். வாழைக்குப் பொட்டாஷ் இல்லையென்றால் தார் திரளாது, காய் ஒல்லியாக நிற்கும். நமக்குப் பொட்டாஷ் சுரங்கம் ஒன்றுகூட இந்த நாட்டில் கிடையாது, ஏறக்குறைய மொத்தமும் இறக்குமதி. ஆகையால் விலையை இறக்குகிறேன் என்று சொன்ன மனிதனைப் பிடித்து உள்ளே போட்டார்கள் என்றால், என் கணக்கில் அவர் நல்லவர். இதில் விவாதத்துக்கு என்ன இருக்கிறது?

கணக்கன் | சனி, காலை 9.20

ஐயா, அவர் விலையை இறக்கிய நாள் ஒன்று. விலையைத் தாங்கிப் பிடித்த ஆண்டுகள் எட்டு. அதையும் கணக்கில் எடுங்கள்.

பெலாரஸ் பொட்டாஷ் கம்பெனி என்ற விற்பனை நிறுவனம் 2005இல் தொடங்கியது. உரல்காலிக்கு 50 சதவீதம், பெலாரஸ் அரசின் பெலாருஸ்காலிக்கு 45, பெலாரஸ் ரயில்வேக்கு 5. இரண்டு சுரங்கக்காரர்களின் சரக்கையும் இந்த ஒரே கடைதான் வெளிநாட்டுக்கு விற்கும். அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் வட அமெரிக்க நிறுவனங்களுக்குக் கன்போடெக்ஸ் என்று இதேபோல் ஒரு கடை. உலகச் சந்தையின் பெரும்பகுதி இந்த இரண்டு கல்லாக்களில்தான். தேவை குறைந்தால் விலையை இறக்க மாட்டார்கள், சுரங்கத்தை மெதுவாக ஓட்டுவார்கள். 2008இல் உரல்காலி 48 லட்சம் டன் எடுத்தது. 2009இல் உலகமே உரம் வாங்குவதை நிறுத்தியபோது 26 லட்சம் டன்னோடு நிறுத்திக்கொண்டது. ஏறக்குறைய பாதி. ஆனாலும் அந்த ஆண்டு ஜூலையில் சென்னையில் தலைமையகம் கொண்ட இந்தியன் பொட்டாஷ் நிறுவனம் டன்னுக்கு 460 டாலர் கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு 625.

அந்தக் கடையின் மேற்பார்வைக் குழுவுக்குத் தலைவர் யார் என்று நினைக்கிறீர்கள்? நீங்கள் நல்லவர் என்று சொன்ன அதே ஆள்.

வரப்போரம் | சனி, காலை 9.31

அப்படியா சேதி. "நல்லவர்" என்றதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். வேறு சொல் தேடிக்கொண்டு வருகிறேன்.

நிலவறை | சனி, பகல் 12.10

ஓய்வுபெற்ற சுரங்கப் பொறியாளன். இத்தனை நேரமும் விலையையே பேசுகிறீர்கள். அந்த மனிதருடைய உத்தியோகத்தை அறிய வேண்டுமானால் பெரெஸ்னிக்கியிலிருந்து தொடங்க வேண்டும்.

பெரெஸ்னிக்கி, பெர்ம் பிரதேசத்தில் காமா ஆற்றங்கரையில் இருக்கும் நகரம். ஊருக்கு நேர் அடியில் பொட்டாஷ் கிடைக்கும் சில்வினைட் பாறை. சிவப்பும் வெள்ளையுமாக வரி வரியாக, நம் ஊர் கோயில் மதில் போலவே இருக்கும். அதைக் குடைந்து எடுக்கும்போது இடையிடையே பாறைத் தூண்களை விட்டுவைப்பார்கள், மேல்தளம் இறங்காமல் இருக்க. நிலக்கரிச் சுரங்கத்தில் தண்ணீர் புகுந்தால் பம்பு வைத்து இறைக்கலாம். உப்புச் சுரங்கத்தில் புகும் தண்ணீர் வழியைத் தானே கரைத்து அகலமாக்கிக்கொள்ளும், பிறகு தூணையும் கரைக்கும். ஒருமுறை நன்னீர் பாதை பிடித்துவிட்டால் சுரங்கத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

2006 அக்டோபரில் அங்கே உரல்காலியின் முதலாம் எண் சுரங்கத்தில் அதுதான் நடந்தது. தண்ணீர் புகுந்தது பல பத்தாண்டுகளுக்கு முன், சோவியத் காலத்தில் குடைந்துவிட்டுப்போன பழைய பகுதியில். ஆட்களை வெளியேற்றிவிட்டுச் சுரங்கத்தைக் கைவிட்டார்கள். அடுத்த ஆண்டு ஜூலையில் தரை உள்வாங்கியது. தொடக்கத்தில் அவ்வளவு பெரிதில்லை. பிறகு நூற்றுக்கணக்கான மீட்டர் அகலத்துக்கு வளர்ந்து, பக்கத்தில் போன ரயில் பாதைக்கு மாற்றுப் பாதை போட வேண்டிவந்தது.

பாம்கெர்ட்னர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து அப்போது இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. தாத்தா வெட்டிய பள்ளத்துக்குப் பேரன் பதில் சொல்ல வேண்டிய நிலை.

உப்புக்காரி | சனி, பகல் 12.45

ஐயா, அந்த விபத்தை அரசு விசாரித்ததல்லவா? "இயற்கையின் செயல்" என்று முடித்துவிட்டு மறுபடி தோண்டினார்களே?

நிலவறை | சனி, பகல் 1.30

ஆமாம் அம்மா. முதல் விசாரணைக் குழு நிலவியல் காரணம் என்று எழுதிவிட்டுப் போனது. 2008 இலையுதிர்காலத்தில், பொட்டாஷ் பொன்னாக விற்ற ஆண்டு அது, துணைப் பிரதமர் இகோர் செச்சின் கோப்பை மறுபடி திறக்கச் சொன்னார். பங்கு பாதிக்கு மேல் சரிந்தது. நிறுவனத்தையே பறிக்கப் போகிறார்கள் என்று எல்லாரும் நினைத்தார்கள். கடைசியில் உரல்காலி ஏழு பில்லியன் ரூபிளுக்கு மேல் கொடுத்து, மாற்று ரயில் பாதைச் செலவும் அதில் அடக்கம், தலை தப்பியது. அந்தப் பேச்சுவார்த்தைக் காலம் முழுவதும் நிறுவனத்தின் முகமாக நின்றவர் இவர். முதலாளி திமித்ரி ரிபோலொவ்லெவ் 2010இல் தன் பங்கை சுலைமான் கெரிமோவ் தரப்புக்கு விற்றுவிட்டு, அடுத்த ஆண்டு மொனாக்கோவில் கால்பந்து அணியை வாங்கி உட்கார்ந்தார். முதலாளி மாறினார். தலைமை நிர்வாகி மாறவில்லை.

சுரங்கத்துறையில் நான் பார்த்தவரை, முதலாளி மாறும்போது முதலில் போகிற ஆள் தலைமை நிர்வாகி. இவர் தங்கினார் என்றால் வேலை தெரிந்தவர் என்று அர்த்தம்.

கணக்கன் | சனி, பகல் 1.42

அல்லது புது முதலாளி சொன்னதைச் செய்பவர் என்று அர்த்தம்.

நிலவறை | சனி, பகல் 1.50

இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கக் கூடாதா?

பனிக்காலம் | சனி, மாலை 6.25

2013இல் நான் மின்ஸ்க்கில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தேன். விடுதியின் பொது அறையில் ஒரு பழைய தொலைக்காட்சி, அரசு அலைவரிசை மட்டும் தெளிவாகத் தெரியும். அதில்தான் அவரைப் பார்த்தேன். கோட்டும் சூட்டுமாகப் படங்களில் பார்த்த மனிதரைக் கைதியாக நடத்திக் காட்டினார்கள். எங்கள் விடுதிக் காப்பாளர் அம்மா பின்னல் வேலையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். பரிதாபமும் இல்லை, மகிழ்ச்சியும் இல்லை. "அவ்வளவு பெரிய ஆளுக்கு, போகாதே என்று சொல்ல ஒருவர்கூட இல்லையா?" என்று மட்டும் கேட்டார்.

அவரை வைத்திருந்தது கேஜிபியின் சிறையில். அங்கே அந்த அமைப்புக்கு இன்னமும் அதே பெயர்தான். அந்தச் சிறையை ஊரார் "அமெரிக்கான்கா" என்பார்கள். அதிகார துஷ்பிரயோகம் என்று குற்றச்சாட்டு, பத்து ஆண்டு வரை தண்டனை கிடைக்கக்கூடியது. செப்டம்பர் இறுதியில் மின்ஸ்க்கிலேயே ஒரு வாடகைக் குடியிருப்பில் வீட்டுக்காவலுக்கு மாற்றினார்கள்.

கணக்கன் அண்ணா, பெலாரஸ் பக்கத்து நியாயத்தையும் நீங்கள் எழுதியிருக்கலாம். சோலிகோர்ஸ்க் என்று ஓர் ஊர், பெயரே உப்பும் மலையும் சேர்ந்தது. அந்த ஊர் முழுக்கப் பெலாருஸ்காலியை நம்பி இருக்கிறது. நாட்டின் அந்நியச் செலாவணியில் கணிசமான பங்கு அங்கிருந்து வந்துகொண்டிருந்தது. உலகச் சந்தைக்குப் போகும் வாசலின் சாவி பாதி ரஷ்யர் கையில் இருந்தது. ஒரு காலைப்பொழுதில் அவர் வாசலைச் சாத்திக்கொண்டு போனார், போகும்போது விலையையும் உடைத்துவிட்டுப் போனார். அவர்களுக்குக் கோபம் வராதா?

கணக்கன் | சனி, மாலை 6.58

கோபம் வரும், தம்பி. ஆனால் வாசலில் இரண்டாவது பூட்டு போட்டது யார்? 2012 டிசம்பர் 22 அன்று பெலாரஸ் அதிபர் லுகஷென்கோ 566ஆம் எண் ஆணையில் கையெழுத்திட்டு, பெலாரஸ் சரக்கை ஏற்றுமதி செய்யும் தனியுரிமையை அந்தக் கூட்டுக் கடையிடமிருந்து எடுத்துவிட்டார். உரல்காலி வெளியேறியபோது சொன்ன முதல் காரணமே அதுதான்: நீங்கள் பின்வாசல் வழியாக விற்கிறீர்கள். மின்ஸ்க் சொன்ன பதில்: நீங்கள்தான் முதலில் உங்கள் சொந்த வணிகப் பிரிவு வழியாகத் தனியே விற்றீர்கள். கூட்டுக் குடும்பத்தில் ஆளுக்கொரு தனி அடுப்பு வைத்த பிறகு, சட்டியைப் போட்டு உடைத்தது யார் என்று சண்டை.

வரப்போரம் | சனி, இரவு 7.30

எங்கள் ஊரில் "உரலுக்குள் தலையைக் கொடுத்துவிட்டு உலக்கைக்குப் பயந்தால் ஆகுமா" என்பார்கள். இவர் உரல் நிறுவனத்திலேயே தலையைக் கொடுத்திருக்கிறார். (சிரிக்க வேண்டியவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.)

ஒன்று மட்டும் புரியவில்லை. கூட்டை முறித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, எதிராளி ஊருக்கு இவர் ஏன் போனார்? நானே வாய்க்கால் தகராறு இருக்கும்போது பங்காளி வீட்டுத் திண்ணையில் உட்கார மாட்டேன்.

உப்புக்காரி | சனி, இரவு 8.05

இதைத்தான் நானும் பல நாள் யோசித்திருக்கிறேன், அண்ணா. அழைத்தது பிரதமர் மிகயில் மியாஸ்னிகோவிச். பேச்சுவார்த்தைக்கு என்ற பெயரில் அரசு முறை அழைப்பு. ரஷ்யாவும் பெலாரஸும் ஒன்றிய நாடுகள் என்று காகிதத்தில் இருக்கிறது. அவ்வளவு பெரிய நிறுவனத்தின் தலைவரை, பிரதமரைப் பார்த்துவிட்டு வரும் வழியில் பிடிப்பார்கள் என்று யாருக்குத் தோன்றும்? எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. இந்த முறிவைக் கொள்கை விவகாரமாக அவர் எண்ணவில்லை போலும். வியாபாரம் என்றே நினைத்திருப்பார். ஒப்பந்தம் முறிந்தது, அடுத்த ஒப்பந்தம் பேசலாம் என்று போயிருப்பார். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் அதை நாட்டின் மேல் விழுந்த அடியாக எண்ணிக்கொண்டிருந்தார்கள். கெரிமோவ் போகவில்லை என்பதையும் கவனியுங்கள்.

கணக்கன் | சனி, இரவு 8.20

கடைசி வரியில்தான் முழுக் கதையும் இருக்கிறது. ஒப்புக்கொள்கிறேன்.

கைதுக்குச் சில நாள் கழித்துப் பெலாரஸ் கெரிமோவ் மேலும் வழக்குப் போட்டது. ஆனால் அவர் ரஷ்யாவில், நாடாளுமன்ற மேலவையில் உறுப்பினர். கைக்குக் கிடைத்தவர் மின்ஸ்க்கில் இருந்தார். ரஷ்யா வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. பெலாரஸிலிருந்து வரும் பன்றி இறைச்சிக்குத் தடை, குழாயில் போகும் எண்ணெயில் குறைப்பு என்று பதிலடி வந்தது. ஒரு மனிதருக்காக எண்ணெய்க் குழாயைத் திருகினார்கள் என்று சிலர் உருகி எழுதினார்கள். எனக்கு அந்த உருக்கம் இல்லை. நடந்ததை வரிசையாகப் பாருங்கள். நவம்பர் 18 அன்று கெரிமோவ் தரப்பின் 21.75 சதவீதத்தை ரஷ்யக் கோடீஸ்வரர் மிகயில் புரொகோரோவின் ஒனெக்சிம் நிறுவனம் வாங்குவதாக அறிவிப்பு. நவம்பர் 22 அன்று பாம்கெர்ட்னர் ரஷ்யாவிடம் ஒப்படைக்கப்படுகிறார். டிசம்பரில் திமித்ரி மாசெபினின் உர நிறுவனமான உரல்கெம் 19.99 சதவீதத்தை வாங்குகிறது. அதே மாதம் தலைமை நிர்வாகி நாற்காலியில் திமித்ரி ஒசிபோவ், உரல்கெம்மிலிருந்து வந்தவர். சிறையில் இருந்தவரை மீட்டுக்கொண்டார்கள், வேலையில் வைத்துக்கொள்ளவில்லை.

பனிக்காலம் | சனி, இரவு 8.44

மாசெபின் என்றால் அந்த ஃபார்முலா 1 ஓட்டுநரின் தந்தையா?

கணக்கன் | சனி, இரவு 8.47

அவரேதான். மகன் நிகிதா ஓட்டிய ஹாஸ் காரில் பக்கத்துக்குப் பக்கம் உரல்காலி என்று எழுதியிருந்தது அதனால்தான். 2022இல் உக்ரைன் போர் தொடங்கியதும் ஹாஸ் பெயரையும் அழித்தது, பையனையும் அனுப்பியது. தந்தை மேல் ஐரோப்பிய ஒன்றியத் தடை விழுந்தது, உரல்கெம் தலைமையை விட்டுவிட்டுப் பெரும்பான்மைப் பங்கையும் கைமாற்றினார். அது தனிக் கதை, வேறு இழையில் பேசலாம்.

நிலவறை | ஞாயிறு, காலை 6.15

இரவு தூக்கம் வராமல் யோசித்ததை எழுதுகிறேன். "முடிவு யாருடையது" என்பதுதானே கேள்வி. அதற்கு உற்பத்திக் கணக்கே சாட்சி சொல்கிறது.

2012இல் உரல்காலி எடுத்தது சுமார் 91 லட்சம் டன். முறிவுக்குப் பிறகு அளவைக் கூட்டுவோம் என்றார் பாம்கெர்ட்னர். அது அவருடைய தனிப்பட்ட பித்து என்றால், அவரை நீக்கியதும் புது நிர்வாகம் பழைய வழிக்குத் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. 2014இல், அவர் மாஸ்கோவில் வழக்கோடு கிடந்த ஆண்டில், 120 லட்சம் டன்னைத் தாண்டினார்கள். புது முதலாளிகள், புது நிர்வாகி, கொள்கை மட்டும் அதேதான். அந்த ஆண்டு நவம்பரில் உரல்காலியின் சோலிகாம்ஸ்க் இரண்டாம் சுரங்கத்தில் தண்ணீர் புகுந்து தரை உள்வாங்கிய பிறகுதான் வேகம் தடைப்பட்டது. அப்போதும் நிறுத்தியது மனிதர் யாரும் கிடையாது, தண்ணீர்.

ஆக, முடிவில் ஒரு வணிகத் தர்க்கம் இருந்தது. டன்னுக்கு ஆகும் செலவு அவர்களுக்குப் போட்டியாளர்கள் பலரையும்விடக் குறைவு. விலை விழுந்தாலும் தாக்குப்பிடிக்கலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கை முதலாளிகள் ஏற்றார்கள், அடுத்து வந்தவர்களும் ஏற்றார்கள். கைவிலங்கு மட்டும் ஒருவருக்கு.

கணக்கன் | ஞாயிறு, காலை 8.30

நல்ல வாதம், ஐயா. ஆனாலும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். அவர் மேற்பார்வைக் குழுத் தலைவராக இருந்த கடை அது. கூட்டாளியின் நலனையும் காக்க வேண்டிய நாற்காலி. அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே இன்னொரு நாற்காலியிலிருந்து கூட்டை முறித்தார். இதைக் குற்றம் என்று சொல்ல மாட்டேன், பிணைக் கைதி பிடிப்பதற்குச் சட்டப்பெயர் வைத்த வேலை அது. ரஷ்யாவிலும் 2013 அக்டோபரில் இதே விவகாரத்தில் ஒரு வழக்குப் பதிந்தார்கள், அவரைக் கேட்டு வாங்குவதற்கு அது ஒரு வழி. மாஸ்கோவிலும் காவல், பிறகு 2014இல் ஜாமீன், 2015இல் வழக்கையே கைவிட்டார்கள். குற்றம் நிரூபிக்கப்படவே இல்லை. ஆனால் இரண்டு நாற்காலி விஷயம் எனக்கு உறுத்தல்தான்.

நிலவறை | ஞாயிறு, காலை 8.52

அந்த உறுத்தல் நியாயம். நான் மறுக்கவில்லை.

வரப்போரம் | ஞாயிறு, காலை 10.20

சரி, வழக்கு முடிந்தது. இப்போது என் வழக்குக்கு வாருங்கள். விலை 400இலிருந்து 300க்கு விழுந்தது என்கிறீர்கள். என் மூட்டைக்கு அது ஏன் வந்து சேரவில்லை? 2010க்கு முன்னால் பொட்டாஷ் மூட்டை இருநூற்றிச் சொச்சம். பிறகு எண்ணூறு ரூபாய்க்கு ஏறியது. உங்கள் ரஷ்யர் விலையை உடைத்த பிறகு நான் கடையில் போய் நின்றபோது இறங்கிய மாதிரி எனக்கு நினைவே இல்லை. எங்கள் பக்கத்தில் பலர் அந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் பொட்டாஷைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். யூரியா மட்டும் மலிவு, அதையே அள்ளிக் கொட்டினார்கள். இலை கறுப்பாகச் செழித்தது, தார் சப்பையாக வந்தது.

கணக்கன் | ஞாயிறு, காலை 11.35

இதற்குத்தான் நான் காத்திருந்தேன். பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள், ஐயா.

2010 ஏப்ரல் வரை பொட்டாஷுக்கு அரசு நிர்ணயித்த விற்பனை விலை டன் 4,455 ரூபாய். 50 கிலோ மூட்டை 223 ரூபாய். உங்கள் நினைவு சரி. அதன்பிறகு சத்து அடிப்படையிலான மானியம் வந்தது: மானியம் நிலையாக நிற்கும், விலை மிதக்கும்.

2013 பிப்ரவரியில் இந்தியா போட்ட ஒப்பந்தம் டன் 427 டாலர். டாலர் அன்று சுமார் 54 ரூபாய். பெருக்கினால் 23,000 ரூபாய் சொச்சம். 2014 ஒப்பந்தம் 322 டாலர். டாலர் கணக்கில் நான்கில் ஒரு பங்கு இறக்கம். ஆனால் ரூபாய் என்ன செய்தது? பாம்கெர்ட்னர் கைதான அதே வாரம், 2013 ஆகஸ்ட் 28 அன்று, ரூபாய் 68ஐத் தாண்டி விழுந்தது. மறு ஆண்டு 60 பக்கம் நின்றது. 322ஐ 60ஆல் பெருக்கினால் 19,300 சொச்சம். இறக்கத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ரூபாயே தின்றுவிட்டது.

மிச்சத்துக்கு வாருங்கள். பொட்டாஷ் சத்துக்கு மானியம் 2013-14இல் கிலோவுக்கு 18.83 ரூபாய், 2014-15இல் 15.50. சரக்கில் 60 சதவீதம் சத்து. டன்னுக்கு 11,300 ரூபாயாக இருந்த மானியம் 9,300 ஆனது. அங்கே 2,000 ரூபாய் போனது. கூட்டிக் கழித்தால் டன்னுக்கு 1,700 ரூபாய்தான் மிஞ்சுகிறது. மூட்டைக்கு 85 ரூபாய். அதில் கப்பல் கூலிக்கு அப்பால் துறைமுகம், சாக்கு, லாரி, கடைக்காரர் என்று யார் யார் கை வைத்தார்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

வரப்போரம் | ஞாயிறு, காலை 11.50

எண்பத்தைந்து ரூபாய்க்காகவா ஒரு மனிதர் மூன்று மாதம் மின்ஸ்க்கில் அடைந்து கிடந்தார்.

பனிக்காலம் | ஞாயிறு, பகல் 12.30

வெளியே வந்த பிறகு அவர் என்ன ஆனார் என்று யாராவது எழுதுங்களேன். மறுபடி உரத் தொழிலுக்கு வந்தாரா?

நிலவறை | ஞாயிறு, பகல் 1.15

உரத்துக்கு வரவில்லை. துறைமுகத்துக்குப் போனார். குளோபல் போர்ட்ஸ் என்று ரஷ்யாவின் பெரிய கொள்கலன் முனைய நிறுவனம், அதன் தலைமைப் பொறுப்பு. எனக்கு இது வியப்பாகப் படவில்லை. பொட்டாஷ் வியாபாரத்தில் பாதி, சுரங்கத்துக்கு வெளியேதான் நடக்கிறது: ரயில் பெட்டி, கப்பல் துறை, கிடங்கு. பெர்மிலிருந்து செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வரை ரயிலில் இழுத்து, அங்கே நிறுவனத்தின் சொந்த முனையத்தில் ஏற்ற வேண்டும். எட்டு ஆண்டு அதைப் பார்த்தவருக்குக் கொள்கலன் பெரிய புதிர் இல்லை.

உப்புக்காரி | ஞாயிறு, மாலை 4.40

இழையைத் தொடங்கியவள் என்பதால் என் பக்கத்தை எழுதிவிடுகிறேன். சிறைக்குப் போக வேண்டிய ஆள் அவர் இல்லை என்ற என் எண்ணம் மாறவில்லை. ஆனால் வெறும் கையெழுத்துக்காரர் என்று நான் அவரை நினைத்திருந்தேன். கணக்கன் சொன்ன இரண்டு நாற்காலியும் அந்த எட்டு ஆண்டு விலைப்பிடிப்பும் என்னை அசைத்துவிட்டன. அந்தக் கடை நன்றாக ஓடிய காலத்தில் அதன் சம்பளமும் புகழும் அவருக்கும்தான் கிடைத்தன.

வரப்போரம் அண்ணா மூட்டைக் கதை சொன்னதால் ஒரு கப்பல் கதை. அந்த 2013இல் எங்களிடம் வந்த காகிதங்களில், கப்பல் சரக்குச் சீட்டான பில் ஆஃப் லேடிங்கின் மேல் மூலையில் சரக்கு அனுப்பியவர் பெயர் இருக்கும். அதுவரை அங்கே பெலாரஸ் பொட்டாஷ் கம்பெனி என்றே வந்துகொண்டிருந்தது. முறிவுக்குப் பிறகு வந்த ஒரு கட்டில் அந்த இடத்தில் உரல்காலி வணிகப் பிரிவின் பெயர். மற்ற எல்லாம் முன்போலவே: எடை, சத்து விகிதம், ஈரப்பதம், "மொத்தச் சரக்கு" என்ற குறிப்பு. பழைய வார்ப்பில் தட்டச்சு செய்துகொண்டே போனவள், பழைய பெயரையே அடித்துவிட்டேன். சுங்கத்திலிருந்து திருப்பி அனுப்பினார்கள். மேலாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அந்தக் கப்பலில் சரக்கு இறங்கிய அன்று தளத்துக்குப் போயிருந்தேன். காற்று மேற்கிலிருந்து. கிராப் தூக்கிக் கொட்டும்போதெல்லாம் செந்தூள் பறந்து, என் வெள்ளைச் செருப்பு செங்கல் நிறமாகிவிட்டது. கழுவியும் தையல் இடுக்கில் நெடுநாள் இருந்தது.

வரப்போரம் | ஞாயிறு, மாலை 5.25

தங்கச்சி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுக் கொட்டகைக்குப் போய் மீதமிருந்த பொட்டாஷ் மூட்டையைப் புரட்டிப் பார்த்தேன். எடை இருக்கிறது, சத்து இருக்கிறது, இறக்குமதி செய்த நிறுவனத்தின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது. எந்த நாடு என்று அச்சடித்த இடத்தில் சாக்குத் தையல் விழுந்திருக்கிறது.

உப்புக்காரி | ஞாயிறு, மாலை 5.31

உள்ளே என்ன நிறம், அண்ணா?

வரப்போரம் | ஞாயிறு, மாலை 5.48

சிவப்பு. வெங்காயச் சருகு மாதிரி.

உப்புக்காரி | ஞாயிறு, மாலை 5.55

சிவப்பு என்றால் ரஷ்யாவாகவும் இருக்கலாம், பெலாரஸாகவும் இருக்கலாம், கனடாவாகவும் இருக்கலாம். தையலைப் பிரித்தால்தான் தெரியும்.

வரப்போரம் | ஞாயிறு, மாலை 6.02

செவ்வாய்க்கிழமை மேலுரம் வைக்கும்போது பிரிப்பேன். வந்து சொல்கிறேன்.